போட்டு வாறன்

எங்கள் வீட்டில் யாரும் "போறன்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டக்கூடாது. மூலைக் கடையில் பால் வாங்கப் போவதென்றாலும் "போட்டு வாறன்" என்றுதான், போய்விட்டு வருகிறேன் என்ற அர்த்தத்தில், சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் "போட்டு வா" என்று பதில் சொல்ல வேண்டும். அப்போதுதான் போனவர் திரும்பி வருவார் என்று மனதுக்கு ஒரு நிம்மதி. என் மனைவி இதில் சரியான கண்டிப்பு. மகள் பள்ளிக்கூடப் பையோடு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஓடியிருப்பாள். தாய் கதவைத் திறந்து, "என்னடி சொல்லிப்போட்டுப் போறாய்?" என்று கத்துவாள். அவள் அங்கே நின்றே, "வாறன் அம்மா, வாறன்!" என்று கையைக் காட்டுவாள். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற சனம் ஏதோ வீட்டுச் சண்டை என்று திரும்பிப் பார்க்கும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது. செத்தவீட்டுக்குப் போனால் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழும்பி வந்துவிட வேண்டும். அங்கே போய் "போட்டு வாறன்" என்றால், இப்படி இன்னொரு காரியத்துக்கும் உங்கள் வீட்டுக்கு வருவேன் என்று ஆகிவிடும்.

நான் வீடியோ எடுக்கிறவன். பெரிய படிப்பில்லை. ஊரில் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. லண்டன் வந்து பெற்றோல் ஸ்டேசனில் நின்று, பிறகு ஒரு கமரா வாங்கி, கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளாகிற சாமத்திய வீடு, அரங்கேற்றம், கோயில் தேர் என்று எடுக்கத் தொடங்கினேன். செத்தவீடும் எடுப்பேன். கனடாவிலும் ஊரிலும் இருக்கிற சகோதரங்கள் பார்க்க வேண்டுமே.

மகள் சின்ன வயதில் எனக்கு லைட் பிடிக்க வருவாள். ஒருமுறை ஒரு குடும்பத்தின் தகப்பன் இறந்துபோனார். மயானத்து மண்டபத்தில் வேலை முடிந்து நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கிறேன். இவள் நேரே அந்த மனிசரின் மனைவியிடம் போனாள். தாய் பழக்கின பழக்கத்தில், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "போட்டு வாறம் அன்ரி!" என்றாள்.

அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் தலையைத் திருப்பி, "இன்னும் ஆரைக் கொண்டுபோக வரப்போறியள்?" என்று கேட்டார். எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது போலிருந்தது. அந்த அம்மாதான் மகளின் கையைப் பிடித்து, "சின்னப்பிள்ளை, விடுங்கோ" என்றா.

காரில் வரும்போது மகள் அழுதாள். "அப்ப நான் என்னத்தைச் சொல்லோணும்?"

"ஒண்டும் சொல்லாதை. சும்மா எழும்பி வா."

"அது மரியாதை இல்லையே அப்பா."

"அங்க அதுதான் மரியாதை."

அந்தப் பிள்ளை வளர்ந்து கண் பார்க்கிற படிப்புப் படித்தாள். குரொய்டனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தாய்க்கு வாயெல்லாம் பல்லு. ஆனால் பிள்ளைக்குக் கமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோகிற ஆசை எங்கேயோ தொற்றிவிட்டது. லீவு நாட்களில் ஸ்கொட்லாந்துக் கரைக்குப் போய்க் குளிர்த் தண்ணீரில் மூழ்கிப் படம் எடுத்தாள். கொஞ்சக் காலத்தில் கடை வேலையையும் விட்டுவிட்டாள். அன்றைக்கு வீட்டில் சோறு அடுப்பிலேயே கிடந்தது. ஒருவரும் போட்டுச் சாப்பிடவில்லை.

இயற்கைப் படங்கள் எடுக்கிற ஒரு கம்பனி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தது. நோர்வே நாட்டின் வட முனையில், குளிர் தொடங்கும்போது ஹெரிங் என்ற மீன் கூட்டம் கூட்டமாய்க் கரைப்பக்கம் வரும். எங்கள் சாளை மாதிரி ஒரு மீன். அதைத் தின்ன ஓர்க்காத் திமிங்கிலங்கள் குடும்பம் குடும்பமாய் வரும். அப்படி ஒரு குடும்பம் கிட்ட வந்து, தங்களுக்குள் கூடி நின்று, பிறகு விலகிப் போகிறதைத் தண்ணீருக்குள் இருந்து ஒரே தொடர்ச்சியாய் எடுத்துக் கொண்டுவந்தால், அடுத்த படத்துக்கு அவளைக் கமராக்காரியாய் எடுப்பார்கள். துண்டு துண்டாய் வேண்டாம் என்றார்களாம்.

ஓர்க்காவுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயர் உண்டு. கொலைகாரத் திமிங்கிலம். இதை மனைவி எங்கேயோ கேட்டுவிட்டாள்.

"பேரிலேயே கொலைகாரன் எண்டு வச்சிருக்கிறாங்கள். வெள்ளைக்காரன் சும்மா வைப்பானோ?"

"அம்மா, அது மனிசரை ஒண்டும் செய்யாது."

"நீ அதின்ர கண்ணைச் சோதிச்சுப் பாத்தனியோ, வாறது மனிசர் எண்டு அதுக்குத் தெரியுமோ எண்டு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இரண்டு பக்கமும் அடி விழும் என்று தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். கடைசியில் மகள் ஒரு வாக்குக் கொடுத்தாள். இந்த முறை கம்பனி கேட்ட படம் கிடைக்காவிட்டால் திரும்பவும் கண்ணாடிக் கடைக்கே போய்விடுவாள், கடலைப் பற்றிப் பிறகு கதைக்க மாட்டாள். "சாமிக்கு முன்னால நிண்டு சொல்லு" என்றாள் தாய். பிள்ளை சாமிப் படங்களுக்கு முன்னால் நின்று சொன்னாள்.

அவளோடு வர இருந்த உதவியாள் சைக்கிளால் விழுந்து கையை உடைத்துக்கொண்டார். வேறு ஆள் தேட நேரமில்லை. மகள் என்னிடம் வந்து நின்றாள்.

"படகில நிண்டு ஒரு நீட்டுக் கம்பில கமராவைக் கட்டித் தண்ணிக்குள்ள பிடிக்கோணும் அப்பா. தாலி கட்டேக்க சனத்தின்ர தலைக்கு மேலால எடுப்பீங்களே, அதை அப்பிடியே தலைகீழாச் செய்யுறது."

"எனக்கு நீந்தத் தெரியாது."

"கம்புக்குத்தான் தண்ணி. உங்களுக்கு இல்லை."

அது கந்தசஷ்டிக் காலம். முருகன் சூரனை வென்றதை நினைத்து நாங்கள் இருக்கிற விரதம். வருஷா வருஷம் ஆர்ச்வே முருகன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு, பாலும் பழமுமாய் இருப்பேன். சூரன்போர் முடிந்துதான் சாப்பாடு. இந்த முறை காப்புக் கட்டின கையோடு விமானம் ஏறவேண்டி வந்தது. ஐயரிடம் கேட்டேன். "முருகன் நோர்வேயிலும் இருப்பார்" என்றார். மனைவிக்கும் அது ஒரு விதத்தில் திருப்தி. விரதக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றால் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று நினைத்திருப்பாள்.

வெளிக்கிடும்போது மகள் மறக்காமல், "போட்டு வாறன் அம்மா" என்றாள். மனைவி என்னைப் பார்த்து, "கவனமாப் போட்டு வாங்கோ" என்றாள். மகளின் ஜக்கெற்றைக் கழுத்து வரை இழுத்துப் பூட்டிவிட்டாள். "போட்டு வா" என்று மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை. மகள் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

நோர்வேக் கரையில் நாங்கள் தங்கின ஊரில் எங்களுக்குப் படகு ஓட்டினவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் மீன் பக்டரி வேலைக்கென்று வந்து, மற்றவர்களெல்லாம் ஒஸ்லோவுக்குப் போக, இவர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டாராம். சின்னப் படகு ஒன்று சொந்தமாய் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, இஞ்ச தமிழ் கதைக்க ஆளில்லாமல் நான் திமிங்கிலத்தோட கதைக்கிறனான்."

"விளங்குமோ அதுகளுக்கு?"

"ஓம், வா எண்டா விளங்கும். போ எண்டாத்தான் விளங்காது. எங்கட சொந்தக்காரர் மாதிரி."

அங்கே அந்த மாதத்தில் சூரியன் எழும்ப மனமில்லாமல் மலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அந்தக் கொஞ்ச வெளிச்சம் பனி மலையில் பட்டு ரோசா நிறமாய்க் கடலில் விழும். கடல் கறுப்பு. காற்று மூக்குக்குள் ஊசி மாதிரி ஏறும். நான் உள்ளுக்குள் மூன்று உடுப்பு, தலைக்குக் கம்பளித் தொப்பி, நெற்றியில் விபூதி என்று இருந்தேன்.

முதல் தடவை கண்டது ஒரு செட்டையைத்தான். ஆண் திமிங்கிலத்தின் முதுகில் இருக்கிற செட்டை ஓர் ஆள் உயரம். அது கறுப்பாய், நேராய், சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பிக்கொண்டே வந்தது. இப்போது முடியும், இப்போது முடியும் என்று பார்க்கிறேன், முடியவில்லை. பிறகு "புஸ்" என்று ஒரு மூச்சு. அந்த மூச்சின் ஈரம் என் முகத்தில் பட்டது. மீன் மணம். என் வாயில் "முருகா" என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

மகள் றபர் உடுப்போடு படகின் விளிம்பில் இருந்தாள். "ஓகே அப்பா, போறன்."

"பிள்ளை!"

"மறந்திட்டன். போட்டு வாறன், போட்டு வாறன்." முகமூடியை இழுத்துவிட்டு வழுக்கி இறங்கினாள்.

அவள் மேலே வந்ததும், விலகிப் போகிற செட்டைகளுக்குக் கையை ஆட்டி, "போட்டு வாறம்!" என்று உரத்துக் கூப்பிட்டாள். என்னைச் சீண்டத்தான். படகுக்கார அண்ணைக்கு அது நல்லாய்ப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் திமிங்கிலங்களை விட்டு வரும்போது அவரும் எழும்பி நின்று, "போட்டு வாறம், போட்டு வாறம்!" என்று கை காட்டுவார். சீண்டல்தான் என்றாலும் கேட்க எனக்கு ஆறுதலாய் இருந்தது.

ஆனால் படம் சரிவரவில்லை. ஒரு நாள் காற்று. ஒரு நாள் தண்ணீர் கலங்கிப் பால் மாதிரி. நல்ல தண்ணீர் கிடைத்த நாளில் திமிங்கிலங்கள் கொலைகாரருமில்லை, நண்பருமில்லை. எங்களைக் கவனிக்கவே இல்லை. ஒரு நொடி வாலைக் காட்டிவிட்டுப் போய்விடும். அவள் அறையில் படங்களைப் போட்டுப் பார்க்கும்போது நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் கண்ணுக்கு எல்லாமே அதிசயம். அவள், "துண்டு அப்பா, எல்லாம் துண்டு" என்றாள். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த உடம்பை எடுப்பது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். கோட் போட்ட மாப்பிள்ளையும் வெள்ளைச் சேலைப் பொம்பிளையும் நிற்கிற ரிசப்சன் மாதிரித்தான். கறுப்புக்கு வெளிச்சம் கொடுத்தால் வெள்ளை பொங்கிவிடும்.

இன்னும் ஓரிரு நாள்தான் இருந்தது. கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்த ஒரு மத்தியானம், மகள் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்களும் இறங்குங்க."

"உனக்கென்ன விசரோ?"

"இந்த உடுப்பு தாழாது. நான் கயிறு பிடிக்கிறன். ஒருக்காப் பாக்காமப் போனா லண்டனில இருந்து கவலைப்படுவீங்க."

படகுக்கார அண்ணை, "இறங்குங்கோ அண்ணை, தாழ்ந்தா நான் வலை போட்டு எடுக்கிறன்" என்றார். இருவருமாய் என்னை அந்த உடுப்புக்குள் திணித்தார்கள். சீமெந்து மூட்டை மாதிரி உருட்டித் தண்ணீருக்குள் விட்டார்கள். குளிர் முதலில் உதட்டைத்தான் பிடித்தது. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட மாதிரி வாய் மரத்துப்போனது. மகள் என் கையைப் பிடித்து, "முகத்தை உள்ள வையுங்கோ" என்றாள். வைத்தேன்.

முதலில் சத்தம். நாதஸ்வரக்காரர் கச்சேரிக்கு முன் சீவாளியை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பாரே, ராகமும் இல்லாமல் வெறும் சத்தமும் இல்லாமல் ஒரு கூவல், அதுதான். ஒன்று கூவ, எங்கேயோ தூரத்தில் இன்னொன்று பதில் கூவியது. அதற்கிடையில் டக்குடக்கென்று ஒரு தட்டல். தவில்காரருக்குப் பக்கத்தில் நின்றால் காதுக்கு முதல் நெஞ்சுக்குத் தெரியுமே, அப்படி அந்தத் தட்டல் என் நெஞ்சுக்குள் விழுந்தது. சத்தத்தை அனுப்பி, அது பட்டுத் திரும்புகிறதை வைத்து எங்களைத் தடவிப் பார்க்கிறதாம் என்று மகள் பிறகு சொன்னாள். அந்த நேரம் எனக்கு அது தெரியாது. என்னை யாரோ உள்ளே வரை பார்க்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

கீழே பச்சை இருட்டு. அதிலிருந்து மீன் செதில்கள் ஆயிரக்கணக்கில் மினுங்கிக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன. செதில்களுக்கு நடுவே வெள்ளையாய் ஒன்று தெரிந்தது. கண் என்று நினைத்தேன். என் கையளவு பெரிய வெள்ளைக் கண். அது இமைக்காமல் கிட்ட வந்தது. பிறகுதான் கண்டேன், அது கண் இல்லை, தோலில் இருக்கிற வெள்ளை. உண்மையான கண் அதற்கு முன்னால், கறுப்புக்குள் கறுப்பாய், சின்னதாய் இருந்தது. அது அசைந்தது. முதலில் மகளைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. எங்கள் இரண்டு பேரும் பிடித்திருந்த கையைப் பார்த்தது. நான் சத்தியமாய்ச் சொல்கிறேன், கையைப் பார்த்தது.

பஸ் அளவு உடம்பு. ஒரு விரலளவும் அசையாத மாதிரி இருந்தது, ஆனால் போய்விட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதன் வயிற்றோடு ஒட்டினபடி ஒரு குட்டி. எல்லாம் போன பிறகும் நான் முகத்தை எடுக்கவில்லை. மகள்தான் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

படகில் ஏறிச் சூடான பால் குடித்தேன். கோப்பையைப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். படகுக்கார அண்ணை, "என்ன அண்ணை, லண்டன் ஞாபகம் இருக்கோ?" என்றார். எத்தனையோ கோயில் கும்பாபிஷேகம் எடுத்திருக்கிறேன். கூட்டம் அரோகரா என்று அழும்போது நான் பட்டனையும் பற்றறியையும் பார்த்துக்கொண்டிருப்பேன். கமரா இல்லாமல் நின்று பார்த்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

அடுத்தது கடைசி நாள். சூரன்போர் நாள். அன்று பாலும் இல்லை, தண்ணீர் மட்டுந்தான். மகள் காலையிலிருந்து கமராவைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். இன்றைக்குக் கிடைக்காவிட்டால் கண்ணாடிக் கடை. நான் உள்ளுக்குள் முருகனிடம் பிள்ளைக்காக ஒன்றைத்தான் கேட்டேன். ஒரு முழுப் படம்.

மலைகளுக்கு இடையே ஒதுங்கின ஒரு கடலுக்குள் படகு போனது. வேறு படகே இல்லை. தண்ணீர் இவ்வளவு தெளிவாய் இருந்து நான் அந்த நாட்களில் காணவில்லை. அங்கே ஒரு குடும்பம் நின்றது. வழமை போல ஓடவில்லை, மீனைத் துரத்தவில்லை. மிக மெதுவாய் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டு நின்றன.

"இது வேற மாதிரி நிக்குதுகள்" என்றார் படகுக்கார அண்ணை. எஞ்சினை நிற்பாட்டினார்.

மகளின் கண்கள் விரிந்தன. "இதுதான் அப்பா." அவசரத்தில், "போறன்" என்றாள். நான் வாயைத் திறக்க முதல் தானே, "போட்டு வாறன்" என்று திருத்தினாள். இறங்கினாள்.

நான் கம்பைத் தண்ணீருக்குள் விட்டு, படகில் இருந்த சின்னத் திரையைப் பார்த்தேன். மகள் அசையாமல் மிதக்கிறாள். அவளுடைய கமராவின் சிவப்பு லைட் எரிகிறது. தூரத்தில் திமிங்கிலங்கள் வரிசையாய்த் திரும்பி அவள் பக்கம் வருகின்றன. முன்னால் ஒரு தாய். அதன் நெற்றியில் ஏதோ இருந்தது. முதலில் பெரிய மீன் என்று நினைத்தேன். கிட்ட வர, அது குட்டி என்று தெரிந்தது. பிறந்து அதிக நாள் இருக்காது. பெரியவற்றில் வெள்ளையாய் இருக்கிற இடமெல்லாம் அதற்குச் செம்மஞ்சளாய் இருந்தது. அதன் வால் தொங்கியது. தாய் தலையை நிமிர்த்தி அதை மேலே தூக்கும், குட்டி வழுக்கிக் கீழே போகும், தாய் அதற்குக் கீழே போய்த் திரும்பவும் தூக்கும். மற்றவை இரண்டு பக்கமும் நெருக்கமாய் வந்தன. ஒன்றும் முந்திப் போகவில்லை.

அந்தக் குடும்பம் வந்து மகளுக்கு முன்னால் நின்றது. முழுக்குடும்பமும். கம்பனி கேட்டது இதுதான். வெளிச்சம் மேலேயிருந்து திரைச்சீலை மாதிரி விழுந்துகொண்டிருந்தது. நான், "எடு பிள்ளை, எடு" என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தேன்.

அப்போதுதான் சிவப்பு லைட் அணைந்தது. மகள் கமராவைக் கையிலிருந்து விட்டாள். அது பட்டியில் தொங்கிக்கொண்டு அவள் காலடியில் ஆடியது. அவள் கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். நான் திரையை விட்டு, தெளிந்த தண்ணீருக்குள் நேரே எட்டிப் பார்த்தேன். தாய் இன்னும் கிட்ட வந்தது. குட்டியை நெற்றியில் வைத்தபடி, என் பிள்ளைக்கு முன்னால், அவள் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. அந்தச் சின்னக் கறுப்புக் கண். அது என் பிள்ளையைப் பார்த்தது. என் பிள்ளை அதைப் பார்த்தாள். நாதஸ்வரம் இல்லை, தவில் இல்லை. எல்லாம் அடங்கி, ஒரேயொரு நீளக் கூவல் மட்டும் வந்தது. படகின் அடிப்பலகையால் என் காலுக்கு அது கேட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவை திரும்பின. குட்டி வழுக்கியது. தாய் கீழே போய் எடுத்தது. போய்விட்டன.

மகளைப் படகில் ஏற்றினோம். முகமூடியைக் கழற்றினாள். பற்கள் அடித்துக்கொண்டன.

"ஏன் பிள்ளை விட்டனி? கமரா பழுதாப் போச்சோ?"

"இல்லை."

"கிட்ட வந்ததே, முழுக்க..."

"அப்பா, எத்தினை செத்தவீடு எடுத்திருப்பீங்க. பெட்டி மூடேக்க தாயின்ர முகத்தை எடுப்பீங்களா?"

நான் எடுக்கமாட்டேன். பெட்டி மூடுகிற நேரம் கமராவை மாலைகள் இருக்கிற பக்கம் திருப்பிவிடுவேன். அதைப் பற்றி நான் யாரிடமும் கதைத்ததில்லை. லைட் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை கவனித்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முகமூடித் தண்ணீரை உதறிவிட்டு, "உங்கட கமராவில வந்திருக்குமே?" என்று கேட்டாள். அவள் குரலில் ஆசை இருந்ததா பயம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் தலையைக் குனிந்தேன். "கும்பிட்டுப்போட்டன் பிள்ளை."

"என்னது?"

"என்னை அறியாமல் கை ரண்டையும் எடுத்துக் கும்பிட்டுப்போட்டன். கம்பு விட்டுப்போச்சு."

"கம்பை நான்தான் எட்டிப் பிடிச்சனான்" என்றார் படகுக்கார அண்ணை. "இல்லாட்டி கமராவும் ஹெரிங்கோட போயிருக்கும்."

மகள் என்னைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்து அவளுக்கு விக்கல் எடுத்தது. என் தோளில் ஈரத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கும்பிட்ட நேரத்துக்குப் பிறகு கமராவில் இருந்தது வெறும் பச்சைத் தண்ணீரும் அந்தக் கூவலும்.

எஞ்சினை முடுக்கினோம். தூரத்தில் செட்டைகள் இன்னும் தெரிந்தன. படகுக்கார அண்ணை பழக்கத்தில் எழும்பி நின்று கையைத் தூக்கினார். "போட்..." என்று தொடங்கினதும் மகள் அவருடைய கையைப் பிடித்தாள்.

"சொல்லாதையுங்கோ அங்கிள்."

"ஏன் பிள்ளை?"

"செத்தவீடு. சும்மா போவம்."

அவர் கையை இறக்கினார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். படகு சத்தத்தைக் குறைத்து, குடும்பத்துக்குத் தூரத்தால் சுற்றி வெளியே வந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அறைக்கு வந்து, செத்தவீட்டுத் தீட்டுக் கழிய நான் தலைக்கு முழுகினேன். படகுக்கார அண்ணைக்கு அது வேடிக்கை. "திமிங்கிலம் உங்களுக்கு என்ன முறை அண்ணை, துடக்கு வர?" என்றார். முழுகாமல் முருகனுக்கு முன்னால் நிற்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். கேட்ட வரத்தை அவர் தந்தாரா இல்லையா என்றும் எனக்கு விளங்கவில்லை. ஒரு முழுப் படம் கேட்டேன். முழுதாய்த்தான் காட்டினார். எடுக்கத் தா என்று கேட்க மறந்துவிட்டேன் போல.

லண்டனுக்கு வெளிக்கிடுவதற்கு முன் மனைவிக்குப் போன் எடுத்து எல்லாம் சொன்னேன். "வாங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

தோர்ண்டன் ஹீத்தில் டாக்ஸியால் இறங்கினபோது வீட்டு வாசலில் ஒரு வாளி இருந்தது. அதற்குள் மஞ்சள் தண்ணீர். மனைவி கதவடியில் நின்றாள்.

"உள்ளுக்க வராதையுங்கோ. ரெண்டு பேரும் காலைக் கழுவிப்போட்டு, நேர போய் முழுகுங்கோ. பெட்டியளில கை வைக்கவேண்டாம்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் சப்பாத்தைக் கழற்றினேன். பக்கத்து வீட்டு ஆபிரிக்க அம்மா ஜன்னலால் பார்த்துக் கையாட்டினா. நவம்பர்க் குளிரில் வெறும் காலோடு நின்று மஞ்சள் தண்ணீரை ஊற்றிக்கொண்டோம்.

முழுகிச் சாப்பிட்ட பிறகு மகள் தாயிடம் சொன்னாள். "அம்மா, படம் கிடைக்கேல்லை. சொன்ன மாதிரி நான் கடைக்கு எழுதிக் கேக்கிறன்." முதலில் எடுத்த கொஞ்சத்தைக் கம்பனிக்கு அனுப்பியிருந்தாள். இது போதாது என்று அவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

மனைவி பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "அங்க எடுத்ததைப் போடு பாப்பம்" என்றாள்.

மகள் மடிக்கணினியில் போட்டாள். தூரத்திலிருந்து வருகிற வரிசை. தாயின் நெற்றியில் சின்னதாய் ஒன்று. அத்தோடு நின்றது. அடுத்து நான் எடுத்ததில் கும்பிட்ட பின் வந்த பகுதி. பச்சைத் தண்ணீர். ஒன்றுமே இல்லை. அந்த நீளக் கூவல் மட்டும் எங்கள் சமையலறைக்குள் கேட்டது. மனைவி துடைக்கிற துணியைக் கையில் வைத்தபடி நின்றாள்.

"பிறகு அந்தத் தாய் என்ன செய்திருக்கும்?"

"தெரியாதம்மா. கன நாள் தூக்கிக்கொண்டு திரியுங்களாம். அடுத்த குளிருக்கு அதே குடும்பம் அங்க வரும். அப்பதான் ஆராவது பாக்கலாம்."

மனைவி துணியை உதறிக் கம்பியில் விரித்தாள். மூலைகளை இழுத்து நேராக்கினாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"ஆராவது என்னத்துக்கு?" என்றாள். "உன்னைத்தானே அது பாத்தது. போட்டு வா."